கள்ளச்சாவு

யூமாவுக்குக் கிழக்கே பழைய சுரங்கச் சாலையில்
எட்டாவது மைல் கல்லைத் தாண்டி
வண்டியை ஓரங்கட்டுவோம், நானும் டுவேனும்.
பேரீச்சம்பழக் கிடங்கில் ஷிப்ட் முடிந்த கை,
எவ்வளவு கழுவினாலும் பிசுபிசுக்கும்.
எறும்புகளுக்கு என்னை மிகவும் பிடிக்கும்.

அவனுக்குப் பாம்பு. எனக்கு வண்டு.
பகல் குடித்த வெயிலைத் தார்ச்சாலை
ராத்திரியில் திருப்பித் தரும்போது
வயிற்றில் வாங்கிக்கொள்ள வந்து படுக்குமாம் பாம்புகள்.
லைசென்ஸ்கூட வைத்திருக்கிறான்.
முக்கால்வாசி நாள்
லாரியிலிருந்து பிய்ந்த டயர்த் துண்டின் முன்னால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பான்.

நான் கிரியோசோட் புதரடியில் டார்ச் அடிப்பேன்.
மழையே இல்லாத மாதத்திலும்
இலையைக் கசக்கினால் மழை வாசம் வரும் புதர்.

எங்களுக்குள் சட்டம் ஒன்றுதான்:
புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வை.
அடியில் இருப்பவருக்கு அது கூரை.

முதல் வண்டு ஆகஸ்டில் கிடைத்தது.
சாம்பல் தட்டிய நீலம், முதுகெல்லாம் கரடு.
தொட்டேன். சாய்ந்தது.
ஆறு காலும் விறைத்து வானத்தைக் குத்தின.
"கொன்னுட்டியே, ஒஃபேலியா" என்றான் டுவேன்.
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
அம்மா பேசும் ஸ்பானிஷில் மன்னிப்புக் கேட்டேன்.
நாலு நிமிஷம்.
ஒரு உணர்கொம்பு அசைந்தது.
பிறகு ஒரு கால்.
பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி
என் ஆயுள் ரேகையைக் குறுக்கே கடந்து
மணிக்கட்டுக்கு நடந்து போனது.

கள்ளத்தூக்கம் எனக்குத் தெரியும்,
கணக்குப் பரீட்சை நாள்களில் கைதேர்ந்தவள் நான்.
இது கள்ளச்சாவு.

இப்போது ஏழு இருக்கின்றன.
மீன் இல்லாத மீன் தொட்டி, அரைக்கட்டு மணல்,
சோயா கள்ளியின் ஓட்டை எலும்பு ஒன்று,
ஆப்பிள் துண்டு, ஒரு சிட்டிகை மீன் தீனி.
நீலம் தோலில் இல்லை, மெழுகு அது.
காற்று காய்ந்தால் பூசிக்கொள்ளும்
ஈரம் பட்டால் கறுத்துவிடும்.
கூலர் போட்ட இரவுகளில்
எனக்குத் தூக்கம், அவற்றுக்குத் துக்கம்.
அதனால் போடுவதில்லை.
வியர்த்தபடி படுத்துக்கொண்டு
மணலில் கால்கள் கீறுவதைக் கேட்பேன்.

போன செவ்வாய் வீட்டுக்கார ப்ரூயிட் வந்தார்.
ஒப்பந்தத்தில் பிராணிகளுக்கு இடமில்லை.
"இதென்ன?" என்று தொட்டியைத் தட்டினார்.
ஏழும் ஒரே நேரத்தில் மல்லாந்தன.
சொல்லிவைத்துச் செய்ததுபோல் அத்தனை சுத்தமாக.
அவர் தொப்பியைக் கழற்றினார்.
"எல்லாம் போய்விட்டதா" என்றார் மெதுவாக,
தாளில் 'இல்லை' என்று கட்டமிட்டுவிட்டு
கதவை ஓசையில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.
தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தேன்.

ஆறு எழுந்தன.

நாலு நிமிஷம் பார்த்தேன்.
குளித்துவிட்டு வந்து பார்த்தேன்.
ஒரு ஷிப்ட். இரண்டு ஷிப்ட்.
நீலம் மங்கவில்லை, ஒரு பொட்டும்.
செத்தால் கால்கள் மடங்கும் என்றான் டுவேன்,
இல்லை, தளரும் என்றான் மறுநாள்.
அவனுக்குத் தெரியாது. எனக்கும்.
ஐந்தாம் நாள் மற்றவை அதன் மேலேறி
ஆப்பிளுக்குப் போய்வந்தன, மேடு என்று நினைத்து.
நடிப்பவர்மீது இப்படி ஏறிப் போகலாமா,
செத்தவர்மீது மட்டும் போகலாமா?
தீனி டப்பாவின் மூடியில்
பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டேன்.

எட்டாவது மைல். அதே புதரா என்று சொல்ல முடியவில்லை,
எல்லாம் ஒரே உயரம்.
ஏதோ ஒரு கல்லைத் தூக்கி
விறைத்த கால்களோடு அப்படியே வைத்தேன்.
கூரையைத் திருப்பி மூடினேன்.
டார்ச்சை அணைத்தேன்.
பார்க்கிறவள் இருக்கும்வரை அது எழுந்திருக்காது,
எழுந்திருப்பதாக இருந்தால்.

சாலையிலிருந்து டுவேன் கத்தினான்.
டயர்தான், வேறென்ன என்று
முட்டியிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டு போனேன்.

டயர் நெளிந்தது.